"ரெஸ்டோர் பண்ணின பெட்ரோமாக்ஸ்" என்று சொல்லி ரூ.18,500 வாங்கிக்கொண்டு விரிசல் டேங்கை அனுப்பியிருக்கிறார்கள்

பழைய பெட்ரோமாக்ஸ், டில்லி, கோல்மன் மாதிரி பம்ப் அடிக்கும் விளக்குகளைச் சேர்க்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். ரூ.18,500 போய்விட்டது. பணம் மட்டும் போயிருந்தால் இவ்வளவு கோபம் வராது. டேங்கில் இருந்த விரிசலைப் பசை வைத்து அடைத்து, மேலே பளபளவென்று முலாம் பூசி, "ஏற்றிப் பார்த்தது, லீக் கிடையாது" என்று கைப்பட எழுதிய சீட்டோடு அனுப்பியிருக்கிறார்கள். அந்தச் சீட்டை நம்பி ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் ஊற்றி, பம்ப் அடித்து, முன்சூடு கொடுக்கும் ஸ்பிரிட் கிண்ணத்தைப் பற்றவைத்திருந்தால் வீடு பற்றியிருக்கும். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்தது.

விற்றது, பழம்பொருட்களுக்கென்றே இருக்கும் ஓர் ஆன்லைன் தளத்தில் விளக்குகள் மட்டும் போடுகிற ஒரு கடை. விளம்பரத்தில் இருந்தது இது (829 என்பது மாடல் எண்): "1936 ஜெர்மன் ஒரிஜினல் 829, 500 கேண்டில் பவர், பித்தளை டேங்க், ரேப்பிட் ப்ரீஹீட்டர், சுப்ராக்ஸ் கண்ணாடி, முழு ரெஸ்டோரேஷன், ரூ.18,500."

விலை அதிகம்தான். ஆனால் அந்த ஆள் பேசிய பேச்சு அப்படி. இந்த வேலையைக் கையால் செய்தவனுக்கு மட்டுமே தெரியும் விஷயங்களைத் தானாகச் சொன்னார். "பம்ப் லெதர் வாஷரை மெஷின் ஆயில்ல ஒரு ராத்திரி ஊறவெச்சுத்தான் போட்டிருக்கேன் சார், தேங்காய் எண்ணெய் போட்டா பிசுபிசுன்னு ஆயிடும்." சரியான பேச்சு. "பம்புக்கு அடியில இருக்கற வால்வைக் கழட்டி ரப்பர் பொட்டு மாத்திட்டேன், இனி மண்ணெண்ணெய் பம்ப் வழியா திரும்பி வராது." அதுவும் சரி. எண்ணெய் ஆவி வெளிவரும் நிப்பிளுக்கும் மேலே இருக்கும் மிக்சிங் குழாய்க்கும் நடுவே 14 மில்லிமீட்டர் இடைவெளி வைத்திருப்பதாக, கேட்காமலே சொன்னார். பெட்ரோமாக்ஸ் ஸ்பானரிலேயே அதற்கான அளவு இருக்கிறது. அது நிறைய மெக்கானிக்குகளுக்கே தெரியாது. பிறகு ஒரு வீடியோ. முதலில் சூடேற்றும் ப்ரீஹீட்டர் சீறுகிறது, சக்கரத்தைத் திருப்புகிறார், ஒளி தரும் வலையான மேண்டில் ஒரு நொடி மஞ்சளாகத் துடித்து, உப்பி, வெள்ளையாக நிலைத்து நிற்கிறது. அந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தம் ஒரே சீராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வருகிறது. எண்ணெயை ஆவியாக்கும் வேப்பரைசர் குழாயில் கரி பிடித்திருந்தால் அப்படி எரியாது, விட்டுவிட்டுத் துடிக்கும். வீடியோவில் இருந்த விளக்கு நல்ல விளக்கு. அதில் சந்தேகமே இல்லை. அதை அவர் அனுப்பவில்லை.

"தளம் வழியா கட்டினா கமிஷன் போயிடும் சார், நேரா யூபிஐல போடுங்க, கூரியர் செலவு நான் ஏத்துக்கறேன்" என்றார். ரூ.18,500 ஒரே தவணையில் போனது.

பெட்டியைத் திறந்ததுமே பேதம் தெரிந்தது. வீடியோவில் இருந்த ரேப்பிட் ப்ரீஹீட்டர் இதில் இல்லை. அது இருக்க வேண்டிய துளையை ஒரு போல்ட் வைத்து மூடியிருக்கிறார்கள். ஸ்பிரிட் கிண்ணம் மட்டும் இருக்கிறது. கண்ணாடியில் சுப்ராக்ஸ் முத்திரை கிடையாது. பெட்ரோமாக்ஸுக்கான சுப்ராக்ஸ் ஜெர்மனியின் ஷாட் கம்பெனி செய்த போரோசிலிகேட் கண்ணாடி, சூட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தாங்கும். வந்திருப்பது சாதாரண சிம்னிக் கண்ணாடி. வாய் விளிம்பில் நீர்க்குமிழி தெரிகிறது.

மேல் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தால் "மேற்கு ஜெர்மனியில் செய்தது" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. 1936 விளக்காம்! மேற்கு ஜெர்மனி என்ற நாடே 1949-ல்தான் பிறந்தது. போருக்கு முன்பு பெட்ரோமாக்ஸ் செய்த ஏரிஷ் அண்ட் கிரேட்ஸ் இருந்தது பெர்லினில். அந்தக் காலத்துத் துண்டில் இந்த எழுத்து வரவே முடியாது. மூடி ஒரு விளக்கிலிருந்து, டேங்க் வேறொன்றிலிருந்து, உள்கூடு இன்னொன்றிலிருந்து எடுத்துச் சேர்த்தது. துண்டு சேர்த்த விளக்கு விற்பது குற்றமில்லை, அப்படிச் சொல்லி விற்றால் 4,000, 5,000 கொடுத்து உதிரிக்காகவே வாங்குவார்கள். ஒரிஜினல் என்று சொல்லி ரூ.18,500 வாங்குவதற்குப் பெயர் திருட்டு.

இனி டேங்க். இதுதான் முக்கியம்.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் பித்தளைதான். ஆனால் பழைய நிக்கலுக்கு ஒரு லேசான மஞ்சள் சாயல் உண்டு. இது நீலம் பாய்ந்த புதுக் குரோம். முன்பக்கம் எழுத்துப் பொறிப்பைத் தடவினால் விரலுக்குத் தட்டுப்படவில்லை, பஃபிங் வீலில் கொடுத்துத் தேய்த்துத் தேய்த்து எழுத்தின் விளிம்பே போய்விட்டது. தகடு அவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். ஊற்றுவாய் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால் உள்ளே பித்தளை நிறம் தெரிய வேண்டும். இதில் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. மூங்கில் குச்சியால் சுரண்டியதும் தோல் தோலாக உரிந்து வந்தது. பைக் பெட்ரோல் டேங்குக்குள் ஊற்றும் லைனர் அது. ஓட்டையை அடைக்கத்தான் ஊற்றுவார்கள். மண்ணெண்ணெயில் ஊறி உரிந்தால் அந்தச் செதில் நேராக வேப்பரைசருக்குள் போய் நிப்பிளை அடைக்கும். அந்தத் துளையோ, ஊசி மட்டும் நுழையும் அளவுதான்.

பிறகு தண்ணீர்ச் சோதனை. மேல் மூடி, உள்கூடு, கண்ணாடி, சட்டம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சக்கரத்தை மூடிய நிலையில் வைத்து, காலி டேங்கில் மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு பம்ப் மட்டும். அழுத்தம் காட்டும் கேஜ் முள் அசையவே இல்லை, அதுவும் செத்த கேஜ். டேங்கை வாளித் தண்ணீரில் முக்கியதும் அடிவிளிம்பு வளைவிலிருந்து சரம் சரமாகக் குமிழி. அந்த இடத்தில் பெயிண்ட் ரிமூவர் தடவி ஊறவிட்டுத் துடைத்தால், முலாம் நிறத்தில் சாயம் அடித்த எபாக்ஸி பட்டி குழைந்து வந்தது. அடியில் ஒரு விரற்கடை நீளத்துக்கு விரிசல், இரண்டு பக்கமும் முடி போலக் கிளை விட்டிருக்கிறது. நகத்தை வைத்தால் நகம் இறங்குகிறது.

இது கீழே விழுந்து வந்த விரிசல் இல்லை. அடிபட்ட இடத்தில் சொட்டை இருக்கும், இங்கே சொட்டையே கிடையாது. டேங்கை அச்சில் அழுத்தி வளைக்கும்போது பித்தளைக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடும். அதன்மேல் ஈரமும் அமோனியாவும் வருஷக்கணக்கில் பட்டால் உலோகத்தின் மணி மணியான இணைப்பு வழியே அரித்துப் பிளக்கும். சீசன் கிராக்கிங் என்பார்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் இப்படித்தான் தானாக வெடித்துப் பிளந்தன. குதிரை மூத்திரத்தின் அமோனியா. நம் ஊரில் மாட்டுத் தொழுவப் பரணில் கிடந்த விளக்குகளுக்கும் அதே கதிதான். அமோனியா கலந்த பித்தளை பாலிஷை அழுத்தித் தேய்த்துவிட்டுக் கழுவாமல் விட்டாலும் வரும். இப்படி வந்த விரிசல் ஓரிடத்தில் நிற்காது. ஒன்றை அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும்.

குண்டூசித் துளை ஒன்றிரண்டு என்றால், பழைய அழுக்கைச் சுத்தமாக எடுத்து ஈயப் பற்று வைத்துச் சரிசெய்யலாம், பலர் செய்திருக்கிறோம். கிளை விட்ட விரிசலில் எபாக்ஸி நிற்கவே நிற்காது. கேஜில் சிவப்புக் கோடு 2 பார், கிட்டத்தட்ட கார் டயர் அழுத்தம். அவ்வளவு அழுத்தத்தில், சூடாகிக்கொண்டே போகும் டேங்கில், மண்ணெண்ணெயில் ஊறும் பசை பிட்டுக்கொண்டால் எண்ணெய் பூந்தூறலாக வெளியே பீய்ச்சும். ஒரு சாண் மேலே நெருப்பு. தெரிந்தே செய்திருக்கிறார்கள். பட்டிக்கு முலாம் நிறத்தில் சாயம் அடித்தவருக்கு விரிசல் இருப்பது தெரியாதா?

புகைப்படம், வீடியோ எல்லாம் அனுப்பிக் கேட்டதற்கு வந்த பதில்கள்:

"கூரியர்ல அடிபட்டிருக்கும் சார்." சொட்டையே இல்லாமலா?

"பழைய பொருள்னா முன்னபின்ன இருக்கத்தான் செய்யும்."

"உங்களுக்கு ஏத்தத் தெரியலை சார், முதல்ல நல்லா சூடு பண்ணுங்க." விரிசல் டேங்கைச் சூடு பண்ணச் சொல்கிறார்!

"ஊர்ல இல்லை, வந்து பேசறேன்." வரவில்லை. அப்புறம் ஒற்றை டிக்தான் விழுகிறது. ஆனால் அதே கடை, அதே நல்ல விளக்கின் அதே வீடியோவைப் போட்டு, "1938 ஒரிஜினல்" என்று இன்னொரு விளம்பரம் விட்டிருக்கிறது. ஒரே விளக்கைக் காட்டி எத்தனை பேரிடம் எத்தனை ரூ.18,500?

தளத்தின் வாடிக்கையாளர் சேவையோ அதற்கு மேல். முதலில், "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது." பிறகு, "பணம் எங்கள் வழியாக வராததால் இதில் நாங்கள் தலையிட இயலாது." வெளியே பணம் கேட்கும் கடையை நீக்குங்கள் என்று உரையாடலைப் படம் எடுத்து அனுப்பினால், "உங்கள் கருத்துக்கு நன்றி." புகாரை மூடிவிட்டார்கள், கடை திறந்தே இருக்கிறது. ரூ.18,500 போனது போனதுதான் என்ற தோரணை.

வாங்கும்போது பார்க்க வேண்டியதை விரிவாக எழுதத்தான் நினைத்தேன். இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவை:

எரியும் வீடியோவை நம்பாதீர்கள். இன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து, டேங்கைத் தண்ணீரில் முக்கி எடுத்த வீடியோ கேளுங்கள். ஊற்றுவாய்க்குள் டார்ச் அடித்த படமும் அடிப்பக்கத்தின் படமும் வேண்டும். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

புதுக் குரோம் போட்ட டேங்க் வேண்டவே வேண்டாம். கறுத்து, பச்சை பிடித்து, தேய்க்காமல் கிடப்பதை வாங்குங்கள். அதில் விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும்.

வருஷம் சொன்னால் முத்திரையோடு ஒத்துப் பாருங்கள். கோல்மன் என்றால் பெரும்பாலும் டேங்க் அடியில் மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கும். கோல்மன் பெரும்பாலும் கேட்பது வெள்ளை பெட்ரோல், பெட்ரோமாக்ஸுக்கு மண்ணெண்ணெய். மாற்றி ஊற்றாதீர்கள்.

பெட்டியில் "இலவசம்" என்று பழைய மேண்டில் பாக்கெட் போட்டிருந்தால் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மேண்டிலில் தோரியம் உண்டு, நம் மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கும் அதே கதிரியக்கச் சரக்கு. அந்தத் தூளை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்து எறியுங்கள்.

தளத்துக்கு வெளியே யூபிஐ கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்க முடியாது. நுகர்வோர் புகாருக்கு 1915. இரண்டிலும் பதிந்திருக்கிறேன். அந்த 1938 விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யாராவது முன்பணம் கொடுத்திருந்தால், விளக்கு வந்ததும் எண்ணெய் ஊற்றாமல் முதலில் டேங்க் அடிவிளிம்பில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள்.