சோளகத்துக்கு எதிரே: புதிய சைக்கிளா, கூடுதல் பயிற்சியா?

கனடாவில் இருக்கும் தமையன் அனுப்பிய பணத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. காபன் சட்டகமும் ஆழமான விளிம்புச் சில்லுகளும் கொண்ட பந்தயச் சைக்கிள் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்கலாம். அல்லது நெடுநாளாக என்னிடம் இருக்கும் யப்பான் சைக்கிளையே திருத்தி வைத்துக்கொண்டு, விடியலில் எழும்பி ஒழுங்காகப் பயிற்சி எடுக்கலாம். நான் இரண்டாவதைத் தெரிந்தெடுத்தேன். ஏறக்குறைய அதே காலத்தில் என் மைத்துனர் முதலாவதைத் தெரிந்தெடுத்தார். இருவரும் வேலைக்குப் போய்வந்து மிஞ்சிய நேரத்தில் ஓடுகிறவர்கள். ஒரே வீதிகளில், பெரும்பாலும் சேர்ந்தே ஓடுகிறோம். அவருடைய சைக்கிளை நானும் பலமுறை வாங்கி ஓடிப் பார்த்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் வேகமாக ஓட விரும்பும் சாதாரண ஓட்டக்காரருக்குப் பயிற்சிதான் முதல் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு என்னைக் கொண்டுவந்தது இங்கே வீசும் காற்று.

எல்லோருக்கும் தெரிந்ததை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நல்ல சைக்கிள் ஓட இனிமையானது. கியர் தயங்காமல் மாறும், பிரேக் சொன்ன இடத்தில் நிற்கும், வாசலில் நிற்பதைப் பார்த்தாலே ஓடவேண்டும்போல இருக்கும். பயிற்சி செலவில்லாதது, உடல்நலத்துக்கு நல்லது, ஆனால் நேரத்தை விழுங்கும். அளவு பொருந்தாத சட்டகமோ பிடிக்காத பிரேக்கோ உள்ள சைக்கிளை வைத்துக்கொண்டு எவரும் பயிற்சி எடுக்கக் கூடாது. இவற்றில் வாதிட எதுவும் இல்லை.

அடுத்தது எடை. விற்பவர்கள் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான். சைக்கிளைக் கையில் தூக்கிப் பார்த்தவுடன் மனம் மயங்கிவிடுகிறது. ஆனால் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் தட்டையான நிலம். காங்கேசன்துறைக்குப் போனாலும் பருத்தித்துறைக்குப் போனாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஏற்றம் இல்லாத இடத்தில் எடை ரயரின் உருளல் தடையை மட்டுமே கூட்டும். என் கணக்கில், 26 அல்லது 27 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறவர் சைக்கிளில் 5 கிலோ குறைத்தால் மிச்சமாவது 2 வாற் (கால் கொடுக்கும் வலுவின் அலகு) சொச்சம். வேகத்தில் அது மணிக்கு 0.2 கிலோமீற்றர். நுவரெலியாவுக்கு ஏறுகிறவருக்குக் கணக்கு வேறு. நமக்கு எடை ஒரு காரணமே இல்லை.

நம்மைத் தடுப்பது காற்று. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று, மழைக்காலத்தில் வாடை என்னும் வடகிழக்குக் காற்று. இரண்டுக்கும் இடையில் பங்குனி, சித்திரையில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தாலும் அப்போது வெயில் கொளுத்தும். யாழ் நகரிலிருந்து தீவுகளுக்குப் போகும் பண்ணைப் பாலத்தில் ஏறி மண்டைதீவுச் சந்தியை நோக்கித் திரும்பியவுடன் சோளகம் நேரே நெஞ்சில் அடிக்கும். மறைக்க ஒரு பனை கூட இல்லை, இரு பக்கமும் கடல்நீர். வேலணையைத் தாண்டிப் புங்குடுதீவுப் பாலத்திலும் இதே கதைதான். குறிகட்டுவான் வரை ஓடித் திரும்பியவர்களுக்கு, மலை இல்லாத ஊரிலும் மலையேற்றம் உண்டு என்பது தெரியும்.

காற்றின் கணக்கு இரக்கமற்றது. காற்றை விலக்கத் தேவையான வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 25 கிலோமீற்றரிலிருந்து 30 கிலோமீற்றருக்குப் போவது வேகத்தில் ஐந்தில் ஒரு பங்குக் கூடுதல்தான். காற்றுக்குக் கொடுக்கவேண்டிய வலுவோ 70 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடுகிறது. இதைக் கேட்டவுடன், காற்றை வெட்டுகிற சைக்கிளைத்தான் வாங்கவேண்டும் என்று தோன்றும். மைத்துனர் வாங்கியதும் இந்தக் காரணத்தால்தான். அவர் நினைத்ததும் நியாயம்தான்.

ஆனால் அந்தச் சைக்கிள்களின் விளம்பர எண்கள் பெரும்பாலும் மணிக்கு 45 கிலோமீற்றர் போன்ற வேகத்தில், காற்றுச் சுரங்கத்தில் அளக்கப்பட்டவை. தொழில்முறை ஓட்டக்காரரின் வேகம் அது. அந்த வேகத்தில் 20 வாற் மிச்சம் என்றால், அமைதியான காலையில் 27 கிலோமீற்றரில் ஓடும் எனக்கு அது 4 வாற் சொச்சமாகச் சுருங்கிவிடும். எதிர்க்காற்று வீசும்போது ஆதாயம் கூடும் என்பதையும் சொல்லவேண்டும். 18 கிலோமீற்றர் வேகச் சோளகத்துக்கு எதிரே 22 கிலோமீற்றரில் ஓடினால் அதே சைக்கிள் 8 வாற் அளவில் மிச்சம் பிடிக்கும். அது இல்லாத பொருள் அல்ல. பல இலட்சம் ரூபாய்க்கு அது போதுமா என்பதே கேள்வி.

இந்தக் கேள்விக்கு எனக்குத் தெளிவு தந்தது ஒரு மணித்தியாலச் சாதனையின் வரலாறு. 1972இல் பெல்ஜிய ஓட்டக்காரர் எடி மேர்க்ஸ், உயரத்தில் இருக்கும் மெக்சிக்கோ நகரின் மெல்லிய காற்றில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கிலோமீற்றர் ஓடினார். 1996இல் பிரித்தானிய ஓட்டக்காரர் கிறிஸ் போட்மன் மான்செஸ்டர் அரங்கில், கைகளை முன்னே நீட்டிப் படுத்தபடி ஓடும் நிலையில் 56.375 கிலோமீற்றர் ஓடினார். பிறகு விதிகள் மாறின. மேர்க்ஸ் காலத்து வகைச் சைக்கிளில், வளைந்த ஹாண்டிலும் கம்பிச் சில்லுகளுமாக, 2000ஆம் ஆண்டில் அதே போட்மன் ஓடினார். தூரம் 49.441 கிலோமீற்றர். மேர்க்ஸைவிடப் பத்து மீற்றர் மட்டுமே கூடுதல். நாலு ஆண்டுகள் வயது கூடியிருந்தது என்பதை ஒரு பக்கம் வைத்தாலும், 1996இல் அவரே ஓடியதைவிட ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் குறைவு.

உபகரணத்தின் வெற்றி என்றுதான் முதலில் எண்ணினேன். 1989இல் நடந்த பிரான்ஸ் சுற்றுச் சைக்கிள் போட்டியின் (Tour de France) கடைசி நாளையும் அப்படித்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 50 செக்கன் பின்தங்கியிருந்த கிரெக் லெமொன்ட் முன்னோக்கி நீண்ட ஹாண்டிலும் கூர்வால் தலைக்கவசமுமாக 24.5 கிலோமீற்றர் ஓடி, லோறன் ஃபின்யோனை மொத்தத்தில் 8 செக்கன்களால் வென்றார். ஃபின்யோன் தலைக்கவசம் இல்லாமல், சீற் உரசிய புண்ணோடு ஓடினார். இந்தக் கதைகளை ஊன்றிப் பார்த்தால், காற்றை ஏமாற்றியதில் பெரும் பங்கு உடம்பு இருந்த விதத்துக்குரியது. ஓட்டக்காரரும் சைக்கிளும் சேர்ந்து எதிர்கொள்ளும் காற்றுத் தடையில் நாலில் மூன்று பங்கு அளவு உடம்பினுடையது. சட்டகமும் சில்லும் மீதிக் கால்பங்கைப் பகிர்ந்துகொள்கின்றன. கடையில் கிடைப்பது அந்தக் கால்பங்கில் ஒரு துண்டு.

உடம்பு இருக்கும் விதத்தைக் கடையில் வாங்க முடியாது. வளைந்த ஹாண்டிலின் கீழ்ப்பிடியில் கையை வைத்து, முழங்கையை மடித்து, முதுகைத் தாழ்த்தி ஓட எவராலும் முடியும், ஐந்து நிமிடத்துக்கு. பண்ணையிலிருந்து வேலணை வரை அப்படியே இருக்க, தொடையின் பின்தசை நெகிழ வேண்டும், வயிற்றுத் தசை உறுதிப்பட வேண்டும், கழுத்து பழக வேண்டும். அது பயிற்சி. மைத்துனருடைய சைக்கிள் காற்றை அழகாக வெட்டுகிறது. ஆனால் அல்லைப்பிட்டி தாண்டியவுடன் இடுப்பு நோகிறது என்று அவர் நிமிர்ந்துவிடுகிறார். நிமிர்ந்த கணத்திலேயே சட்டகமும் சில்லும் மிச்சம் பிடித்தது முழுவதும் போய், அதற்கு மேலும் போய்விடுகிறது. இதை அவரே என்னிடம் சொன்னார். இப்போது நாங்கள் இருவரும் வீட்டில் பாய் விரித்து முதுகு, இடுப்புப் பயிற்சிகள் செய்கிறோம். ஓட்டத்தில் கீழ்ப்பிடியில் இருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுகிறோம்.

என்னிடம் வாற்மானி கிடையாது. கீழே வருவது சூத்திரத்தில் போட்ட கணக்கு. அமைதியான நாளில் 130 வாற் வலுவோடு நிமிர்ந்து ஓடுகிறவர் ஏறத்தாழ 26.5 கிலோமீற்றர் வேகத்தில் போவார். அதே வலுவில் உடம்பைத் தாழ்த்தப் பழகினால் 28 கிலோமீற்றர். உடம்பைத் தாழ்த்தாமல் வலுவை மட்டும் 170 வாற்றுக்கு உயர்த்தினால் 29.5 கிலோமீற்றர். ஒழுங்கான பயிற்சியே இல்லாமலிருந்த ஒருவர் ஓரிரு ஆண்டுகளில் இந்த அளவுக்கு ஏறுவது அசாதாரணமல்ல. இரண்டும் சேர்ந்தால் 30ஐத் தாண்டிவிடலாம். காபன் சட்டகம் தரும் 4 வாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடும் பயிற்சி என்றவுடன் ஒவ்வொரு நாளும் மூச்சுமுட்ட ஓடவேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். நான் ஓட்டத்தின் பெரும்பகுதியைப் பக்கத்தில் வருகிறவரோடு கதைத்துக்கொண்டு போகக்கூடிய வேகத்தில்தான் ஓடுகிறேன். வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் கடும் ஓட்டம். அதற்குப் பண்ணைப் பாலத்தைப்போல வசதியான இடம் இல்லை. இடையில் சந்தி இல்லை, ஒழுங்கையிலிருந்து ஓட்டோ திடீரென்று வெளிவராது. காற்றுக்கு எதிரே நாலு நிமிடம் முழு மூச்சு, மூன்று நிமிடம் ஆறுதல், இப்படி நாலு தரம். காலை ஏழு மணிக்குள் முடித்துவிடவேண்டும், பிறகு காற்றும் வெயிலும் சேர்ந்து ஏறும். சட்டைப் பையில் பனங்கட்டி இரண்டு துண்டு, போத்தலில் சிறிது உப்புக் கலந்த தேசிக்காய்த் தண்ணீர். இறக்குமதியான சத்துக்கூழ்ப் பொட்டலங்கள் எனக்குத் தேவைப்படவில்லை.

பராமரிப்பிலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. கடல்நீரேரிக்கு மேலே ஓடும் சைக்கிளில் உப்பு படியும். காபன் துருப்பிடிக்காது, ஆனால் செயினும் பியரிங்கும் ஆணிகளும் துருப்பிடிக்கும். சட்டகத்துக்குள்ளே ஒளித்துப் போடப்பட்ட கேபிளை மாற்ற நம் ஊர்த் திருத்தகங்களில் எல்லோருக்கும் பழக்கமில்லை, உதிரிப்பாகமும் கொழும்பிலிருந்து வரவேண்டும். 2022இல் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிப் பாகத்தின் விலை கேட்கவே மனம் கூசுகிறது. என் யப்பான் சைக்கிளுக்கு எது பழுதானாலும் ஊர்க் கடையில் அன்றைக்கே பொருள் கிடைத்துவிடும். பயிற்சிக்கும் பராமரிப்பு உண்டுதான். இரண்டு வாரம் விட்டால் மூச்சு குறையத் தொடங்கும், ஒரு மாதம் விட்டால் நன்றாகவே தெரியும். ஆனால் திரும்பப் பெற எவருக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.

உபகரணத்தில் மூன்று இடங்களில் நானும் கவனம் வைத்தேன். அவற்றில் முதன்மையானது ரயர். தடித்த மலிவான ரயருக்கும் மெல்லிய, நெகிழ்வான நல்ல ரயருக்கும் இடையே 25 கிலோமீற்றர் வேகத்தில் 20 வாற் வரை வித்தியாசம் வரலாம். அந்த விலைகூடிய சைக்கிளின் காற்றுச் சேமிப்பைவிட இது பல மடங்கு. எனக்கு இரண்டு ரயரின் விலையோடு முடிந்தது. அடுத்தது செயினைத் துடைத்து எண்ணெய் போடுவது. மூன்றாவது சீற்றின் உயரம். நம் வீதிகளில் போகிறவர்களைப் பாருங்கள், பாதிப்பேர் சீற்றைத் தாழ்த்தி, முழங்காலை மடித்து, வலுவை வீணாக்குகிறார்கள். பெடல் கீழே இருக்கும்போது குதிக்கால் அதைத் தொட, கால் நேராக நீள வேண்டும். ஒரு சாவியும் ஐந்து நிமிடமும் போதும்.

என் அனுபவம் மெலியும் இடங்களும் உண்டு. மலைப் பாதைகளில் நான் அதிகம் ஓடியதில்லை. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குக் கடும் பயிற்சி எவ்வளவு ஒத்துவரும் என்பதை அவர்களும் அவர்களுடைய வைத்தியரும்தான் சொல்லவேண்டும். மைத்துனருக்கும் எனக்கும் வயது, எடை, வேலை எல்லாம் வேறு, ஆகவே எங்கள் இருவரையும் மட்டும் வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. கூட்டமாக ஓடும்போது முன்னால் போகிறவரின் மறைவில் மூன்றில் ஒரு பங்கு வலுவைக்கூட மிச்சம் பிடிக்கலாம் என்பதால், அங்கே சைக்கிளின் வேறுபாடு இன்னும் மங்கிவிடும். தனித்து நேரத்துக்கு எதிராக ஓடும் போட்டியில் அது கூர்மையாகத் தெரியும்.

அப்படிப்பட்ட போட்டிக்குப் போகிறவர், ஓரிரு ஆண்டுகள் ஒழுங்காக ஓடி, உடம்பைத் தாழ்த்திப் பழகி, வலு ஏறுவது நின்றுவிட்டது என்று கண்டவர் தாராளமாக நல்ல சைக்கிள் வாங்கலாம். 8 வாற் அவருக்குப் பெரிய விடயம். ஆனால் இந்த ஊரில் ஓடுவதற்கென்றால் சில்லின் விளிம்பு ஆழத்தில் கவனம் வேண்டும். ஆழமான விளிம்பு எதிர்க்காற்றில் உதவும், பக்கக்காற்றில் ஹாண்டிலைப் பிடுங்கும். புங்குடுதீவுப் பாலத்தில் காற்று பக்கத்திலிருந்து அடிக்கும்போது, பின்னால் பஸ் ஒன்றும் வந்துகொண்டிருந்தால், அந்தப் பிடுங்கலைச் சமாளிப்பது எளிதல்ல. மைத்துனர் சோளகக் காலத்தில் முன்சில்லை மட்டும் கழற்றிவிட்டு, பழைய தாழ்ந்த விளிம்புச் சில்லைப் பூட்டி ஓடுகிறார். புதிதாக வாங்குகிறவர்கள் முன்பக்கத்துக்கு அப்படியொரு சில்லையே முதலில் கேட்டு வாங்குவது நல்லது.