பக்கம் புரளும் இதழா, பிடிஎஃப் இதழா?

தாள் தட்டுப்பாடு இலங்கையின் வடக்குக்குப் புதிதல்ல. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கோடு போட்ட கொப்பித் தாளிலேயே பத்திரிகை வாசித்தவர்கள் நாங்கள். ஆனாலும் 2022இல் தாள் விலை ஏறியபோது, கிளிநொச்சியிலிருந்து வரும் எங்கள் காலாண்டிதழுக்கு அச்சகம் சொன்ன தொகை கட்டுப்படியாகவில்லை. இணையத்துக்குப் போகலாம் என்றதும் எல்லோரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள்: இதழ் இதழாகவே இருக்க வேண்டும். அட்டை, பக்க எண், கவிதைக்கு எதிர்ப்பக்கத்தில் கோட்டோவியம் எதுவும் போகக்கூடாது. அதற்குப் பரவலாக உள்ள வழிகள் இரண்டு. திரையில் தாள் புரள்வதுபோல் காட்டும் பிளிப்புக் சேவை ஒன்று. வெறும் பிடிஎஃப் கோப்பு மற்றது. நாங்கள் பிடிஎஃப்பைத் தேர்ந்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

அழகில் பிளிப்புக்தான் மேல். ஓரத்தைத் தொட்டால் தாள் நிழலோடு வளைந்து புரள்கிறது. சில சேவைகளில் சரசரப்புச் சத்தமும் உண்டு. எங்கள் மூத்த கவிஞர் அந்தச் சத்தத்துக்காகவே அதற்கு வாக்களித்தார். ரொறன்ரோவிலோ லண்டனிலோ கணினியில் வாசிப்பவருக்கு இரண்டு பக்கங்களும் விரிந்து தெரியும். எந்தப் பக்கம் எவ்வளவு வாசிக்கப்பட்டது என்ற கணக்கையும் பல சேவைகள் தருகின்றன. பிடிஎஃப்பை அனுப்பிய பின் யார் திறந்தார் என்பதே தெரியாது.

எங்கள் வன்னி ஊர்களான துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் வாசகர் கையில் இருப்பது கைத்தொலைபேசி. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். நிமிர்த்திப் பிடித்த தொலைபேசித் திரை ஏறத்தாழ 70. பக்கம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்போது 11 புள்ளி (பொயின்ட்) அளவு எழுத்து 4 புள்ளிக்கும் கீழே இறங்கிவிடும். இது இரண்டு வடிவங்களுக்கும் பொதுவான குறை. ஏ4இல் பாதியான ஏ5 அளவில், ஒற்றைப் பத்தியாக, எழுத்தைப் பெரிதாக்கிப் பக்கம் அமைத்தால் பெருமளவு தீரும். டேட்டாவைப் பொறுத்தவரை, ஒருமுறை இறக்கிய பிடிஎஃப்பைச் சிக்னல் இல்லாத இடத்திலும் திறக்கலாம். பிளிப்புக்குக்குப் பெரும்பாலும் இணைப்பு வேண்டும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. எங்கள் முடிவைத் தீர்மானித்தது பழைய இதழ்களின் கதி.

அச்சகத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டால் அந்த இதழின் செலவு அத்தோடு முடிந்தது. கட்டணப் பிளிப்புக் சேவையில் முடிவதில்லை. முதலாவது இதழ் திறந்திருக்க வேண்டுமானால் இருபதாவது இதழ் வெளிவரும் காலத்திலும் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் வெளிநாட்டு நாணயத்தில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. சந்தாவை ரூபாவில் வாங்கிக் கட்டணத்தை டொலரில் கட்டும் இதழ் எத்தனை நாள் தாங்கும்? சிற்றிதழ்கள் ஒருநாள் நிற்கத்தான் செய்யும். நின்ற பின் யார் கட்டுவது? இலவசத் திட்டங்களுக்குப் பக்க வரம்பு, விளம்பரம் என்று வேறு நிபந்தனைகள். தொழில்நுட்பமும் நிலையில்லை. முன்பு பிளாஷ் மென்பொருளில் செய்த புரட்டும் இதழ்கள், 2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் அதைக் கைவிட்டதும் உலாவிகளில் திறக்காமல் போயின.

பிடிஎஃப்பும் 1993இல் அதே அடோபி வெளியிட்டதுதான். ஆனால் 2008இல் அது ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தரமாகிவிட்டது. ஒரு நிறுவனம் நினைத்தால் மூடிவிட முடியாது. அதைவிடப் பெரியது, பிரதி வாசகரிடமே இருப்பது. நூல்களை ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்வில் வீட்டு அலுமாரிகளும் ஊர் நூலகங்களும் போயின. வேறு ஊரில் யாரோ வைத்திருந்த பிரதியால்தான் பல இதழ்கள் இன்றும் கிடைக்கின்றன. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்னாக்கிச் சேர்க்கும் நூலகம் திட்டத்துக்கும் பிடிஎஃப்பை அப்படியே கொடுக்கலாம்.

பிடிஎஃப்பிலும் தொல்லைகள் உண்டு. ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்திய பாமினி எழுத்துருவில் அமைத்தால் தமிழில் தேட முடியாது, நகலெடுத்தால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். ஒருங்குறியில் அமைத்து, எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதிக்க வேண்டும். அப்போதும் நகலெடுக்கையில் கொம்புகள் இடம் மாறுவதுண்டு. அனுப்பிய பின் கண்ட எழுத்துப்பிழையைத் திருத்த வழியில்லை. ஒருவர் சந்தா கட்டினால் வட்ஸ்அப் குழு முழுவதும் வாசிக்கும். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, பொருளாளருக்கு உண்டு. ஆனால் ஏ5 பக்கங்கள் இரண்டு ஒரு ஏ4 தாளில் அடங்குவதால், சனசமூக நிலையங்கள் போட்டோ கொப்பிக் கடையில் அச்சிட்டுப் பின் அடித்து மேசையில் போட்டுவிடுகின்றன.

எழுத்தை வேண்டிய அளவுக்குப் பெருக்கும் இ-பப் வடிவம் முதியவர்களுக்கு இவ்விரண்டையும்விட நல்லதாக இருக்கலாம். ஆனால் பக்க அமைப்பு கலைந்துவிடும் என்பதால் நாங்கள் அதில் அதிகம் இறங்கவில்லை. பழகியவர்கள் சொல்வதைக் கேட்பதே நல்லது. வாசகரில் பெரும்பகுதி வெளிநாட்டில், கட்டணம் கட்டவும் அங்கே ஒருவர் இருக்கிறார் என்றால் பிளிப்புக்கை எடுங்கள். அப்போதும் ஒவ்வோர் இதழின் பிடிஎஃப்பையும் உங்கள் கணினியிலும் வேறோர் ஊரில் இருப்பவரிடமும் வைத்துக்கொள்ளுங்கள்.