டர்க்கி டிராட்டா, ஃபாக்ஸ்டிராட்டா?

ராக்டைம் என்ற துள்ளலிசை கொடிகட்டிப் பறந்த காலத்து அமெரிக்க நடனங்களில் டர்க்கி டிராட் அசல் வான்கோழி ஆட்டம்: கால்களை அகட்டி, ஒற்றைக்காலில் மாறி மாறித் தத்தி, முழங்கைகளைச் சிறகாக அடித்துக்கொண்டு, வேகமான இசைக்கு ஆட வேண்டும். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1913இல் அதிபராகப் பொறுப்பேற்ற உட்ரோ வில்சன் பதவியேற்பு நடன விருந்து வேண்டாம் என்றதற்கு இந்த ஆட்டத்தின் மீதான அச்சமே காரணம் என்றுகூடப் பேச்சு அடிபட்டது.

1914இல் பரவிய ஃபாக்ஸ்டிராட் பரம சாது. பிரபல நடன ஜோடியான வெர்னன், ஐரீன் காஸல் தம்பதிக்கு வாசித்த கறுப்பின இசைக்குழுத் தலைவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப், இடைவேளையில் ‘மெம்ஃபிஸ் புளூஸ்’ மெட்டை நிதானமாக வாசிப்பாராம். அதிலிருந்து பிறந்த நடனம் என்பார்கள். பெயரை என்னவோ காஸல் தம்பதிதான் தட்டிச்சென்றார்கள்! மெதுநடையும் விரைநடையும் கலந்த அடிகள், கற்பது எளிது. பால்ரூம் எனும் ஜோடி நடனப் போட்டிகளில் இன்றும் நிலைத்திருப்பது இதுதான். வேடிக்கை பார்க்க என்றால் மட்டும் என் ஓட்டு வான்கோழிக்கே.