முன்னால் ஒரு செயின்ரிங்கா, இரண்டா?

எடை குறைந்த சைக்கிளைப் பார்ட் பார்ட்டாக வாங்கிப் பூட்டுகிறவர்கள் ஃப்ரேமைப் பற்றியே பேசுவார்கள். குமரி மாவட்டத்தில் ஓட்டுவதற்கு என்னைக் கேட்டால் கியர்தான் பெரிய கேள்வி. முன்னால் 40 பல்லில் ஒரே செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் 11-42 கேசட், அதாவது 11 முதல் 42 பல் வரை உள்ள பல்சக்கர அடுக்கு. இல்லையென்றால் முன்னால் 50, 34 பல்லில் இரண்டு செயின்ரிங், பின்னால் 11-32.

ஒற்றையில், செயினை ஒரு செயின்ரிங்கிலிருந்து மற்றதுக்குத் தள்ளும் முன் டீரெய்லரும் அதன் கேபிளும் போய்விடும். அந்த எடை லாபத்தில் ஒரு பங்கை 42 பல் கேசட்டின் கனம் தின்றுவிடும் என்பதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

பேச்சிப்பாறை தாண்டி மேலே ஏறும்போது ஒற்றைதான் லேசு. இருப்பதிலேயே லேசான கியரில் பெடல் ஒரு சுற்றுக்குப் பின்சக்கரம் 0.95 சுற்று, இரட்டையில் 1.06. சுமார் பத்து சதவீதம்தான், ஆனால் தொடைக்குத் தெரியும்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் கதை வேறு. எதிர்காற்றில் சீராக மிதிக்க கியர்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். 11-32இல் பற்கள் 11, 12, 13, 14 என்று போகும்; 11-42இல் 11, 13, 15, 17 என்று தாவும். ஒரு கியர் கனக்கும், அடுத்தது கால் வெறுமனே சுழலும். காற்று முதுகில் தள்ளும்போதோ ஒற்றையின் கனமான கியரான 40-11 (முன்னால் 40, பின்னால் 11 பல்) சீக்கிரமே போதாமல் போகும்.

அப்புறம் கடற்காற்றின் உப்பு. கேபிள் வெளியே ஓடும் ஃப்ரேம்களில், பாட்டம் பிராக்கெட்டுக்கு (பெடல் அச்சு சுற்றும் இடம்) அடியில் அது வளையும் இடத்தில்தான் முதலில் துரு இறுகும். ஒற்றையில் அங்கே ஒரு கேபிள் குறைவு.

முட்டம், குளச்சல், மலையோரம் என்று சுற்றுகிறவருக்கு ஒற்றை போதும். நாகர்கோவிலிலிருந்து நாலுவழிச் சாலையில் கூட்டமாக வேகம் பிடிக்கிறவர் இரட்டையை விடவேண்டாம்.