டைனமோவோடு மூன்று கிழமை

எட்டு வருடத்துக்குப் பிறகு ஊருக்குப் போயிருந்தேன். மூன்று கிழமை லீவு. கையில் மூன்று வேலைகள்: பிறப்புப் பத்திரம் எடுப்பது, அம்மாவும் நானும் சேர்ந்து வைத்திருந்த பழைய வங்கிக் கணக்கை உயிர்ப்பிப்பது, நயினாதீவு அம்மனைக் கும்பிடுவது. வேலைகள் எப்படி நடந்தன என்று கனடாவில், ஸ்காபரோவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன், ஆனால் டைனமோவைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

டைனமோ என் பள்ளித் தோழன். யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி அவன் வீடு. பட்டப்பெயர் வந்த கதை 1992இல், போர்க்காலத்தில் நடந்தது. கரண்ட் இல்லை, ரோச் பற்றறிக்குக்கூடத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோ கேட்பதுதான் ஊர் வழக்கம். இரவில் பிபிசி தமிழோசை வரும் நேரம் எங்கள் முற்றத்தில் பத்துப் பதினைந்து பெரியவர்கள் கூடிவிடுவார்கள். பெடல் சுற்றுவது இவன். வேகம் குறைந்தால் செய்தி முனகும், எல்லோரும் சேர்ந்து இவனைத் திட்டுவார்கள். ஒருநாள் முக்கியமான செய்தியின் நடுவில் கையை எடுத்துவிட்டு, "நாளைக்கு ஆர் எனக்குப் பனங்காய்ப் பணியாரம் சுடுறியள்?" என்று கேட்டான். மூன்று வீட்டிலிருந்து வாக்குறுதி வந்த பிறகுதான் சில்லு சுழன்றது.

சரி, பயணத்துக்கு வருகிறேன். கொழும்பு கோட்டையில் காலை ரயில். இருக்கை போட்டுவைத்தது அவன்தான், ஒரு மாதத்துக்கு முன்னமே. திருவிழாக் காலத்தில் போகிறவர்கள் இதில் அசட்டையாக இருக்க வேண்டாம், நல்லூர்க் கொடி ஏறிவிட்டால் இடம் கிடைக்காது. பெட்டி சுத்தம், குளிர் கொஞ்சம் கூட. யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் மோட்டார் சைக்கிளோடு நின்றான். நான் பிக்மீ செயலியில் ஓட்டோ பிடிக்கப் போனைத் தட்டிக்கொண்டிருக்க, "உனக்கு விசரே?" என்று பெட்டியைப் பறித்து டாங்கியின் மேல் வைத்தான்.

1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்றபோது எங்களுக்குப் பத்து வயது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட, மிஞ்சிய மேடுதான் எங்கள் ரேஸ் பாதை. கோண்டாவிலில் இருந்து கொக்குவில் வரை, இருட்டில், லைட் இல்லாமல். லைட் போட்டால் டைனமோ சில்லை இழுக்கும், வேகம் குறையும் என்பது அவனுடைய விஞ்ஞானம். ஒரு முறை எருமை மாடு ஒன்றில் மோதினான். மாடு எழும்பவே இல்லை, இவன் மட்டும் காவோலைக் குவியலுக்குள் கிடந்தான். 2014 ஒக்டோபரில் ரயில் திரும்ப வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எங்கட ரேஸ் ரோட்டிலயோ?"

வங்கிக் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன், நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள் அடையாள அட்டை, இரண்டாம் நாள் வதிவிடச் சான்று, மூன்றாம் நாள் "மனேச்சர் லீவு". வதிவிடச் சான்றுக்குக் கிராம சேவகரிடம் போனது மட்டும் சுகமாக இருந்தது. அவர் வீட்டுப் பம் திருத்தியவன் டைனமோ, பிளேன்ரீயும் தந்தார்.

ஆம், அவன் இப்போது வோட்டர் பம் திருத்துகிறான், மருதனார்மடத்தில் சொந்தக் கடை. அதுவும் பழைய பாவத்தின் பலன்தான். ஒருநாள் ஒரு வீட்டில் ஜெனரேற்றர் வைத்துப் படம் போட்டார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று காசு. கடைசிச் சண்டை தொடங்கும் நேரம் மண்ணெண்ணெய் முடிந்தது. இவன் எழும்பிப் போய் ஒரு போத்தலோடு வந்தான். சண்டை முடிந்தது, வில்லன் செத்தான். விடிய, புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கப் போன அவனுடைய அப்பா பம்மை இழுத்து இழுத்துப் பார்த்தார். டாங்கி காலி. கறுப்புச் சந்தையில் மண்ணெண்ணெய் விற்ற விலை அவருக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பூவரசந்தடியோடு துரத்தியதில் நான் கிணற்றுக்கட்டைச் சுற்றி ஓடித் தப்பினேன். அவன் தப்பவில்லை. தண்டனையாக ஒரு மாதம் பம்மைப் பிரித்துப் பூட்டுகிற வேலை. அப்போது பழகிய கை.

நயினாதீவுக்கு இருவரும் சேர்ந்து போனது இதுவே முதல் தடவை. படிக்கிற காலத்தில் பண்ணைப் பாலத்துக்கு அப்பால் போக முடியாது, தீவகம் இராணுவத்திடம் இருந்தது. குறிகட்டுவானில் நாங்கள் ஏறிய படகில் உயிர்காப்பு அங்கி தந்தார்கள். உள்ளே புழுக்கம், டீசல் மணம். டைனமோ எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "வால்வு சரியில்லை" என்றான். திரும்பி வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

கடைசியாகப் பிறப்புப் பத்திரம். பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை விரைவில் முடியும், தெரியாவிட்டால் தேட வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. எங்கள் வீட்டுக் கடதாசிகள் 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர ஊரே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்த அந்த மழையில், எங்கேயோ போய்விட்டன.

ரோக்கன் எடுத்து ஒரு மணித்தியாலம் இருந்தோம். எங்கள் முறை வந்ததும் டைனமோ தன்னுடைய பழைய பத்திரத்தை நீட்டினான். "மிஸ், என்ர இலக்கத்துக்கு அடுத்த இலக்கத்தை ஒருக்காப் பாருங்கோ. ரெண்டு அப்பாமாரும் ஒரே நாள், ஒரே சைக்கிளிலதான் பதியப் போனவை."

அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். பத்து நிமிடத்தில் வந்தாள். அடுத்த இலக்கம் நான்தான்.

"பாத்தியே, உனக்கு நான் ஒரு நம்பர் மூப்பு" என்றான் வெளியே வந்ததும். பத்திரத்தை வாசித்துப் பார்த்தால் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. திருத்துவதற்கு வேறு விண்ணப்பம், வேறு சாட்சியங்கள், அடுத்த பயணத்தில்தான். அவன் தன்னுடையதையும் விரித்துப் பார்த்தான். அவனுடைய அப்பாவின் பெயரிலும் பிழை.