கார் கேம்பிங்: கொடைக்கானல் மேல்மலையா, ஊட்டி எமரால்டா?

ஏரிக்கரையில் காரை நிறுத்தி, பின்கதவைத் திறந்துபோட்டு, தண்ணீரைப் பார்த்தபடி தூங்கும் படங்களை நம்பி மலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். கொடைக்கானல், ஊட்டி மலைகளில் காட்டுக்குள் இருக்கும் ஏரிகளின் கரையில் நாம் விரும்பியபடி இரவு தங்க முடியாது. கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று கணக்கு வைத்துக் காலையில் விட்டு, பொழுது சாய்வதற்குள் வெளியே அனுப்பிவிடுவார்கள். யானை நடமாட்டம் இருந்தால் அந்த அனுமதியும் நின்றுவிடும். ஊட்டிப் பக்கத்து அவலாஞ்சி ஏரிக்கு நம் காரே உள்ளே போகாது, வனத்துறை வண்டியில்தான் சுற்றிக் காட்டுகிறார்கள்.

அதனால் ஏரிக்குப் பக்கத்து எந்த ஊரில், யாருடைய பட்டா நிலத்தில் வண்டியை நிறுத்தி நிம்மதியாகத் தூங்கலாம் என்று பார்த்துத்தான் மலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் ஓட்டு கொடைக்கானல் டவுனைத் தாண்டியிருக்கும் மலைக்கிராமங்களான மேல்மலைக்கு.

பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று நீளும் அந்த வழியில் கொடைக்கானல் டவுனின் நெரிசல் சீக்கிரமே விட்டுப்போகும். பூம்பாறையில் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல், குழந்தை வேலப்பர் கோயில், அதைத் தாண்டிப் போனால் மன்னவனூரில் ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையின் புல்வெளி, அதன் பக்கத்தில் ஏரி. ஏரியில் பரிசல் ஓட்ட வனத்துறையே ஏற்பாடு செய்திருக்கிறது. கூடவே கூக்கால் ஏரிக்கும் ஒரு நடை போய்வரலாம். எல்லாம் விவசாயிகளின் ஊர் என்பதால் தோட்டத்தை ஒட்டி வண்டி நிறுத்த இடம் கேட்டுப் பேச முடிகிறது. ஆனால் நிலத்துக்காரர் சரி சொன்னால் மட்டும் போதாது, வெளியாட்களைத் தங்கவைக்க அவருக்கு அனுமதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அனுமதியில்லாத டென்ட் இடங்களை அதிகாரிகள் மூடுவது இரண்டு மலையிலும் நடக்கிறது.

ஊட்டிக்குப் பக்கத்து எமரால்டு ஏரிப் பகுதியும் அழகில் குறைச்சல் இல்லை. தேயிலைத் தோட்டமும் கேரட் வயலும் நேரே தண்ணீர்வரை இறங்குகின்றன. ஆனால் எமரால்டும் அவலாஞ்சியும் குந்தா நீர்மின் திட்டத்து நீர்த்தேக்கங்கள். மின்உற்பத்திக்காகத் தண்ணீரை எடுக்க எடுக்க நீர்மட்டம் இறங்கும், கோடையில் சிவப்பு மண் கரை அகலமாகத் தெரியும், படத்தில் பார்த்த ஏரி அப்போது கிடைக்காது. சுற்றிலும் தேயிலை, வனம், மின்வாரிய இடம் என்று இருப்பதால் வண்டியோடு தங்கத் தோதான நிலமும் குறைவு.

எந்த மாதம் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குப் பக்கத்தை அடித்து நொறுக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்த மாதங்களில் எமரால்டு பக்கம் காரில் தூங்கப் போவதை நினைக்கவே வேண்டாம். கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பரில்தான் பெருமழை, அப்போது மலைப்பாதையில் மண் சரியும், மேல்மலைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மலைக்குமே நல்ல மாதங்கள், குளிரைத் தாங்க முடிந்தால். உறைபனி ஊட்டிப் பக்கம் அதிகம். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் போய்த் தேங்கும் என்பதால் ஓடையோரத் தாழ்வான புல்வெளியை விட்டுவிட்டுக் கொஞ்சம் மேட்டில் நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

குளிருக்குப் பயந்து இன்ஜினை ஓடவிட்டோ, கரி அடுப்பை உள்ளே வைத்தோ கண்ணாடியை மூடித் தூங்கிவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். நல்ல கம்பளி, அடியில் தடிமனான விரிப்பு, எதிரெதிர்க் கண்ணாடிகளில் ஒரு விரல் இடைவெளி, இது போதும், மூச்சு படிந்து கண்ணாடி வேர்ப்பதும் குறையும். சின்ன கேஸ் கேன் அடுப்பில் வெறும் பியூட்டேன் இருந்தால் பூஜ்ஜியத்தை நெருங்கும் குளிரில் எரிய மறுக்கும், ஐசோபியூட்டேன் கலந்ததாகப் பார்த்து வாங்குங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கொடைக்கானலும் 2,100 மீட்டருக்கு மேல். தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்பதால் சோறு வேகக் குக்கர் வேண்டும். காட்டோரத்தில் விறகு மூட்டவே கூடாது. காய்கறி, பழத்தோலை வெளியே போட்டால் காட்டுமாடு தேடி வரும், அது இரண்டு மலையிலும் ஊருக்குள்ளேயே நடமாடுகிறது.

வண்டி மலைக்குள் நுழைய ஆன்லைனில் எடுக்கும் அனுமதியான இ-பாஸ் 2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் கட்டாயம். 2025 கோடையில் ஊட்டிக்கு வாரநாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் போவதானால் பாஸ் கையில் வந்தபிறகு மற்றதை யோசியுங்கள். கொடைக்கானலிலேயே டேங்கை நிரப்பிக்கொண்டு, தண்ணீரை ஸ்டீல் கேனில் எடுத்துக்கொண்டு மேல்மலைக்கு ஏறுங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இரண்டு மலையிலும் தடை இருக்கிறது.

கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் மட்டும் நான் மேல்மலையைச் சொல்ல மாட்டேன். மன்னவனூரிலிருந்து ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் மூடுபனியில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து கொடைக்கானல் வர வேண்டும். எமரால்டிலிருந்து ஊட்டி அதைவிடக் கிட்டே, அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. அவர்களோடு போகிறவர்கள் ஊட்டியிலேயே ரூம் போட்டுவிட்டு, எமரால்டுக்குப் பகலில் அடுப்பும் பாயுமாகப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.