அலைமுடிக்கு டூ பிளாக் கட் ஒத்துவருமா? சில ஆண்டுகாலக் கொரிய அனுபவம்

பணி நிமித்தமாகத் தென்கொரியாவின் சுவோன் நகரில் குடியிருக்கும் எனக்குச் சில ஆண்டுகளாகக் கொரிய முறை முடிதிருத்தமே வழக்கமாகிவிட்டது. இதைப் பற்றி வரும் படங்களும் காணொளிகளும் பெரும்பாலும் வெட்டிய அன்றைய தோற்றத்தையே காட்டுகின்றன. மூன்றாவது வாரத்திலும், மழைக்காலத்திலும், விடுப்பில் ஊருக்கு வரும்போதும் அதே தலைமுடி என்ன பாடு படுத்துகிறது என்பதை அவற்றிலிருந்து அறிய முடிவதில்லை. அடர்த்தியான, சற்றே அலையோடிய முடி உள்ள நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று இதை விரிவாகவே எழுதுகிறேன்.

கொரிய ஸ்டைல் என்று நாம் பொதுவாகச் சொல்லும் பல வெட்டுகளுக்கு அடித்தளமாக இருப்பது டூ பிளாக் கட். காதுக்கு மேலும் பிடரியிலும் மெஷின் போட்டுக் குட்டையாக்கிவிட்டு, அதற்கு மேலுள்ள முடியை நீளமாகவே விட்டுவிடுவார்கள். ஓட்டுவீட்டின் தாழ்வாரம் சுவரின் மேல்பகுதியை மறைப்பதுபோல அந்த நீள முடி இறங்கி வந்து வெட்டின் எல்லையை மறைக்கும். நம்மூர் சலூன்களில் இப்போது பரவலாக இருக்கும் ஃபேட் வெட்டில் கீழிருந்து மேலாக முடியின் நீளம் சிறிது சிறிதாகக் கூடும். டூ பிளாக்கில் நீளம் அப்படிப் படிப்படியாகக் கூடுவதில்லை, குட்டையும் நீளமும் தனித்தனியாகவே நிற்கும். கம்மா (நெற்றி முடி காற்புள்ளிபோல வளைவது), கெயில், லீஃப் என்று வழங்கும் பெயர்கள் மேல்முடியை எவ்வளவு விடுகிறோம், நெற்றியில் எப்படி விழவைக்கிறோம் என்பதைப் பொறுத்தவை.

இந்த அமைப்பு ஏன் உருவானது என்பதைப் புரிந்துகொண்டால்தான் நமக்கு எது தேவை, எது தேவையில்லை என்பது தெளிவாகும். கொரியர்களின் முடி பொதுவாக நேரானது, தடிப்பானது. காதோரத்தில் அது கீழ்நோக்கிப் படியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு வளரும், உச்சியிலோ தட்டையாகக் கிடக்கும். எனவே பக்கங்களை ஒட்ட வெட்டுவது, படியவைக்க டவுன் பெர்ம் (பெர்ம் என்பது மருந்து பூசி முடியின் வடிவத்தை மாற்றுவது) செய்வது, உச்சிக்குப் பருமன் கொடுக்க இன்னொரு பெர்ம் செய்வது என்று எல்லாமே அந்த முடிக்கான தீர்வுகளாக அமைந்தவை. நமது முடிக்கு உச்சியில் பருமன் இயல்பாகவே உண்டு. காதோர முடி வளர வளர உப்புவதுதான் நமது சிக்கல். ஆகவே இந்த முறையில் வெட்டு நமக்கு அருமையாகப் பொருந்துகிறது, பெர்ம் பெரும்பாலும் பொருந்துவதில்லை என்பதே நான் அறிந்துகொண்டது.

இங்குள்ள சலூன்களில் முடிதிருத்துநரை டிசைனர் என்றே அழைக்கிறார்கள். செல்பேசிச் செயலியில் நேரம் முன்பதிவு செய்துவிட்டுப் போனால், முதலில் படத்தைப் பார்த்துப் பேசி, பிறகு வெட்டி, ஷாம்பு போட்டு அலசி, உலர்த்தி, உலர்ந்த முடியில் மறுபடியும் ஒருமுறை திருத்துவார்கள். இந்த இரண்டாவது திருத்தம் மிக முக்கியமானது. ஈரத்தில் நேராகக் கிடக்கும் அலைமுடி உலர்ந்ததும் சுருங்கி மேலேறிவிடும் என்பதால், உண்மையான நீளம் அப்போதுதான் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. அடர்த்தியைக் குறைப்பதற்காக, பல் வைத்த கத்தரியால் உள்முடியைக் கழிப்பது இங்கே மிகச் சாதாரணமான பழக்கம். நேரான முடியில் அது மேல்முடியை அழகாகப் படியவைக்கிறது. அலைமுடியில் நடப்பதோ வேறு: உள்ளே கழிக்கப்பட்ட குட்டை முடிகள் இரண்டு வாரத்தில் வளைந்து எழுந்து, மேலே உள்ள நீள முடியைத் தூக்கிவிடுகின்றன. கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்தால், படிந்த முடிக்கு மேலே சிலிர்த்த முடி ஒரு மெல்லிய படலமாக நிற்பது தெரியும். முடியைக் கழிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிட்டது. அதேபோல் பக்கங்களுக்கு 6 மில்லிமீட்டருக்குப் பதிலாக 9 மில்லிமீட்டர் வைக்கச் சொல்கிறேன். ஈரக்காற்றில் மேல்முடி சுருண்டு தூக்கினாலும் எல்லைக்கோடு பளிச்சென்று தெரிவதில்லை.

டவுன் பெர்மையும் செய்து பார்த்திருக்கிறேன். முதலில் பூசும் மருந்து முடியின் உள்ளே இருந்து அதற்கு வடிவம் தரும் டைசல்ஃபைடு பிணைப்புகளைத் தளர்த்துகிறது. முடியைத் தலையோடு அழுத்தி வைத்திருந்துவிட்டு இரண்டாவதாகப் பூசும் மருந்து, அந்தப் பிணைப்புகளைப் புதிய நிலையில் இறுக்கிவிடுகிறது. அன்று மாலை காதோரம் அத்தனை நேர்த்தியாகப் படிந்திருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்வதால், வேர்ப்பக்கம் பழையபடி அலையாகவும் நுனி விறைப்பான நேர்முடியாகவும் வந்து நிற்கிறது. நேரான முடி உள்ளவர்களுக்கு இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. நமக்கு அப்பட்டமாகத் தெரியும். மருந்தின் நெடியும், தலைத்தோலில் பட்டால் வரும் எரிச்சலும் வேறு. அலைமுடிக்காரர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வீட்டிலேயே செய்துகொள்ளும் பொட்டலங்கள் கடையில் கிடைக்கின்றன என்றாலும், தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் அவற்றின் பக்கமே போக வேண்டாம்.

அன்றாடப் பராமரிப்பில் பாதிக்கு மேல் ஹேர் டிரையரின் வேலைதான். துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு, முதலில் வேர்ப்பகுதியை உலர்த்தி, காதோர முடியை மேலிருந்து கீழாகக் காற்றடித்து உள்ளங்கையால் சிறிது நேரம் அழுத்திப் பிடித்து, கடைசியாகக் குளிர்காற்று விட்டால் நாள் முழுவதும் அப்படியே நிற்கிறது. நெற்றி முடியை அது வளர்ந்த திசைக்கு நேரெதிராக ஒருமுறை உலர்த்திவிட்டுத் திருப்பினால், கம்மா வளைவு அலைமுடியில் தானாகவே விழுந்துவிடும். இங்குள்ள நண்பர்கள் இரும்புக் கருவியைச் சூடாக்கி வரவழைக்கும் வளைவு நமக்கு இயற்கையாகவே கிடைப்பது உண்மையிலேயே மகிழ்ச்சியளிக்கிறது. வேக்ஸ் கடலையளவு போதும். சுழியைச் சுற்றியுள்ள முடியை மட்டும் மிகக் குட்டையாக்க விடாதீர்கள். தன் எடையால் படியும் அளவுக்கு நீளம் இல்லாவிட்டால் எதைத் தடவினாலும் அது எழுந்தே நிற்கும்.

ஜூன் இறுதியில் தொடங்கும் சாங்மா மழைக்காலம்தான் கடுமையான சோதனை. அந்த ஈரப்பதத்தில் நெற்றி முடி ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை, ஆகவே அந்த மாதத்தில் நான் நெற்றியைத் திறந்து வைக்கும் கெயில் வெட்டுக்கு மாறிவிடுகிறேன். சென்னைக்கு வரும்போதும் அதுவே கைகொடுக்கிறது. வியர்வையில் முடி நெற்றியோடு ஒட்டினால் பருக்கள் வருகின்றன. ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் குளித்தாலே முடி சொரசொரப்பாகிவிடுகிறது. “நெத்தியை இப்படி மூடிக்கிட்டா திருநீறு எங்கேப்பா வைக்கிறது?” என்று அம்மா கேட்பதற்கும் அந்த வெட்டே பதிலாகிறது.

இன்று அலுவலகக் கூட்டங்களில்கூட இளைஞர்கள் நெற்றி மறைய முடி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, இது எளிதாகக் கிடைத்த உரிமை அல்ல என்பதையும் நினைத்துக்கொள்வேன். 1895இல் ஆண்கள் உச்சிக்குடுமியை வெட்ட வேண்டும் என்று அரசாணை வந்தபோது, பெற்றோர் தந்த உடலின் பகுதியைச் சிதைப்பதா என்று கன்பூசிய அறிஞர்கள் கொதித்தெழுந்தனர். 1970களில் அதிபர் பார்க் சுங்-ஹீ ஆட்சியில் நீள முடி வைத்த இளைஞர்களைக் காவலர்கள் தெருவிலேயே பிடித்து முடியை வெட்டினார்கள். பள்ளி மாணவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த கட்டுப்பாடு தளர்ந்தது 1982இல்தான். அதற்கு முன் பள்ளியில் படித்த என் மூத்த அலுவலகத் தோழர் ஒருவர், மொட்டையடித்ததுபோல் தலை வைத்திருந்த அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் மாறிவிடுகிறார்.

செலவைப் பொறுத்தவரை, எங்கள் பகுதியில் வெட்டுக்கு 20,000 வோன் அளவில் ஆகிறது. பெர்ம் என்றால் அதுபோல் பல மடங்கு. டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும், ஏனென்றால் அதற்குமேல் விட்டால் காதோர முடி வளர்ந்து மேல்முடியை வெளியே தள்ளத் தொடங்கிவிடும். மாதாமாதம் போக முடியாதவர்களுக்கு இந்த வெட்டு வேண்டாம்.

நம்மூரிலேயே இதை வெட்டிக்கொள்ள விரும்புவோர், படத்தை மட்டும் காட்டினால் ஃபேட் போட்டுவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். மேல்முடியைக் கிளிப் போட்டுத் தூக்கிவிட்டு, புருவத்தின் நுனிக்கு நேரான உயரம் வரை மட்டும் 9 மில்லிமீட்டரில் மெஷின் போடச் சொல்லுங்கள். கிருதாவை மழிக்காமல் இயல்பாக விடச் சொல்லுங்கள். நெற்றி முடியை முழுவதும் உலர்த்திய பிறகே வெட்டச் சொல்லுங்கள், அதுவும் நினைத்ததைவிட ஒரு விரல் நீளம் கூடுதலாக.